கீசரின் பிரேக்கர் ஏன் விழுந்தது: உப்புவெளி வீடொன்றில் செய்த பழுதுபார்ப்பு

திருகோணமலை உப்புவெளியில், கடற்கரைக்கு மிக அருகில் இருக்கும் என் அக்காவின் வீட்டில், குளியலறைக் கீசருக்கு மின்சாரம் கொடுக்கும் 16 அம்பியர் பிரேக்கர் தானாகவே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கத் தொடங்கியிருந்தது. கீசர் 30 லீற்றர் கொள்ளளவும் 2000 வாட் வலுவும் உடையது. வாடைக்காலத்தில் கூரைத் தாங்கியிலிருந்து வரும் நீர் காலையில் நன்றாகக் குளிர்ந்திருக்கும். முழங்கால் வலியுள்ள எங்கள் அம்மாவுக்கு அந்த மாதங்களில் சுடுநீர் இல்லாமல் முடியாது. ஆகவே, விழுந்த பிரேக்கரை மேலே தள்ளிவிட்டு, அது மறுபடி விழும்வரை சூடேறிய நீரை எடுத்துக்கொள்வது வீட்டில் வழக்கமாகிவிட்டிருந்தது. இந்த வழக்கத்தை முதலில் நிறுத்தச் சொன்னேன். விழுந்த பிரேக்கரைக் காரணம் தெரியாமல் திரும்பத் திரும்பத் தூக்கிவிடுவது, அது காட்டும் பழுதை வளர்ப்பதாகவே முடியும்.

கருவிகளை எடுப்பதற்கு முன் விசாரிக்க வேண்டியவை இருந்தன. விழுவது எது? போட்டு எவ்வளவு நேரத்தில் விழுகிறது? உடனே தூக்கினால் என்ன நடக்கிறது? அக்கா சொன்ன விடைகள் தெளிவாக இருந்தன. விழுவது கீசருக்கான சிறிய பிரேக்கர் மட்டும். வீடு முழுவதற்கும் பொதுவான ட்ரிப் சுவிச் ஒருபோதும் அசையவில்லை. போட்டவுடன் விழுவதில்லை, ஏறத்தாழ 20 நிமிடங்கள் ஓடிய பின்னரே விழுகிறது. உடனே தூக்கினால் இரண்டு மூன்று நிமிடங்களில் மீண்டும் விழுகிறது; ஒரு மணித்தியாலம் விட்டுப் போட்டால் மறுபடி அதே 20 நிமிடம் நிற்கிறது. இந்த மூன்று செய்திகளும் சேர்ந்தே பழுது எந்தத் திசையில் இருக்கிறது என்பதைக் காட்டிவிட்டன. பின்னர் செய்த அளவீடுகள் அதை உறுதிப்படுத்தவும், வேறு வழிகளை ஒவ்வொன்றாக அடைக்கவும் உதவின.

ட்ரிப் சுவிச்சும் பிரேக்கரும் வெவ்வேறு வேலைகளைச் செய்பவை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ட்ரிப் சுவிச், உயிர்க்கம்பியில் போகும் மின்னோட்டமும் நொதுமல் கம்பியில் திரும்பும் மின்னோட்டமும் சமமாக உள்ளனவா என்று மட்டும் பார்க்கிறது. வீடுகளில் பொருத்தப்படும் 30 மில்லி அம்பியர் வகையில், அந்த வேறுபாடு 15 மில்லி அம்பியர் வரை இருந்தால் விழக்கூடாது, 30ஐ எட்டினால் விழுந்தே ஆக வேண்டும் என்பது தரவிதி. கீசருக்குள் நீரைச் சூடாக்கும் எலிமென்ட் வெடித்து நீருக்குள் மின்சாரம் கசிந்திருந்தால் விழுந்திருக்க வேண்டியது அதுதான். அது அசையாமல் நின்றது, மின்சாரம் மண்ணுக்குக் கசியவில்லை என்பதற்கு நல்ல அறிகுறி. ஆனால் முழுச் சான்று அல்ல, ஏனெனில் ட்ரிப் சுவிச்சே பழுதாகியிருக்கவும் கூடும். அதை இறுதியில் தனியாகச் சோதித்தேன்.

பிரேக்கருக்குள் இரண்டு தனித்தனிப் பொறிமுறைகள் இருக்கின்றன. ஒன்று சிறிய மின்காந்தச் சுருள். குறுஞ்சுற்று ஏற்பட்டுப் பெரிய மின்னோட்டம் பாயும் கணத்திலேயே அது கொக்கியைத் தட்டிவிடும். சி வகைப் பிரேக்கரில் இது குறித்த அளவின் 5 முதல் 10 மடங்குக்குள் நிகழும், அதாவது 16 அம்பியர் பிரேக்கருக்கு 80 முதல் 160 அம்பியர். பி வகையில் 3 முதல் 5 மடங்கு. மற்றையது இரட்டை உலோகத் தகடு. வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்கள் ஒட்டப்பட்ட அந்தத் தகடு, மின்னோட்டம் அதன் வழியே செல்லச் செல்லச் சூடாகி வளைந்து, போதிய அளவு வளைந்ததும் அதே கொக்கியை விடுவிக்கிறது. போட்ட கணத்தில் விழுந்தால் சுருளின் வேலை. நிமிடங்கள் கழித்து விழுந்தால் தகட்டின் வேலை. உடனே தூக்கும்போது சீக்கிரமாக விழுவதற்குக் காரணம், தகடு இன்னும் ஆறாமல் பாதி வளைந்த நிலையில் இருப்பதுதான். ஆகவே இந்த வீட்டில் குறுஞ்சுற்று இல்லை, வெப்பம் இருக்கிறது. அந்த வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பதே கேள்வி.

2000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 அம்பியர் வருகிறது. வீட்டுப் பிரேக்கர்களுக்கான, சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐ.ஈ.சி. 60898 தரவிதியின்படி, 30 பாகை செல்சியஸ் சூழலில், குறித்த அளவின் 1.13 மடங்கை ஒரு மணித்தியாலம் தாங்க வேண்டும், 1.45 மடங்கில் ஒரு மணித்தியாலத்துக்குள் விழ வேண்டும். 16 அம்பியர் பிரேக்கருக்கு இவை முறையே 18 அம்பியரும் 23.2 அம்பியரும் ஆகும். 8.7 அம்பியர் என்பது அதன் கொள்ளளவில் பாதியை ஒட்டியது. எங்கள் ஊரின் ஆடி ஆவணி வெக்கையில் மூடிய பெட்டிக்குள் 45 பாகை இருந்தாலும்கூட, அந்தச் சுமைக்கு நல்ல பிரேக்கர் ஒன்று விழக் காரணமில்லை. எனவே, கீசர் தன் தகட்டில் எழுதியிருப்பதைவிட மிக அதிகமான மின்னோட்டத்தை இழுக்க வேண்டும், அல்லது பிரேக்கரின் தகடு தன் சொந்தச் சூட்டைத் தவிர வேறெங்கிருந்தோ வெப்பத்தைப் பெற வேண்டும்.

நான் பார்ப்பதற்கு முன் வந்திருந்த வயரிங் பாஸ் ஒருவர், 16ஐக் கழற்றி 32 அம்பியர் பிரேக்கர் போட்டால் நிற்கும் என்று அத்தானிடம் சொல்லியிருந்தார். "தம்பி, அது சுலபமான வேலைதானே, அதைச் செய்தால் என்ன?" என்று அத்தான் கேட்டது நியாயமான கேள்வி. அவர் சொன்னபடி செய்தால் பிரேக்கர் உண்மையிலேயே நின்றிருக்கும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அந்தச் சுற்றுக்கு இழுக்கப்பட்டிருந்தது 7/0.67 வயர், அதாவது 0.67 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஏழு இழைகள் கொண்ட, 2.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பி. சுவருக்குள் குழாயில் போகும் அந்தக் கம்பி, பதித்த விதத்தைப் பொறுத்து, ஏறத்தாழ 20 முதல் 24 அம்பியர் வரையே பாதுகாப்பாகத் தாங்கும். பிரேக்கர் காப்பது முதன்மையாகக் கீசரை அல்ல. சுவருக்குள் மறைந்திருக்கும் அந்தக் கம்பியைத்தான். 32 அம்பியர் பிரேக்கர் 36 அம்பியரையும் ஒரு மணித்தியாலம் விழாமல் தாங்கும். அதற்குள் கம்பியின் பிவிசி உறை இளகிவிடும். அதைவிட முக்கியமாக, இங்கே வெப்பம் பிறக்கும் இடம் அப்படியே இருக்க, அதைக் கண்டு விழும் ஒரே கருவியை மந்தமாக்கியிருப்போம். இதை அத்தானுக்கு விளக்கியபோது அவர் மறுக்கவில்லை. பெட்டியைத் திறக்க அவரே ஏணியை எடுத்து வந்தார்.

பிரேக்கர்கள் எல்லாம் இருக்கும் மின்பகிர்வுப் பெட்டி, அதாவது டீபி பெட்டி, முன் விறாந்தைச் சுவரில், கடற்பக்கம் பார்த்தபடி இருக்கிறது. அதைத் திறக்கும் முன் மெயின் சுவிச்சை அணைத்து, யாரும் போட்டுவிடாதபடி அதன் மேல் ஒட்டுநாடா ஒட்டி, வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைத்தேன். மெயின் சுவிச்சை அணைத்தாலும் அதற்கு மீற்றரிலிருந்து வரும் கம்பிகள் உயிருடன்தான் இருக்கும். அவற்றை நாம் தொடக்கூடாது, மின்சார சபையின் முத்திரை உள்ள எதையும் திறக்கவும் கூடாது. பிறகு பல்மானியை (மல்டிமீற்றரை) முதலில் உயிருள்ள ஓரிடத்தில் வைத்து 230 வோல்ட் காட்டுகிறதா என்று பார்த்து, அதன் பின் வேலை செய்யப்போகும் இடத்தில் சுழியம் என்று கண்டு, மறுபடியும் முதலில் பார்த்த இடத்தில் வைத்து மானி சரியாகவே இருக்கிறது என்று உறுதி செய்தேன். சட்டைப்பையில் செருகித் திரியும் நியோன் ரெஸ்ரரை இதற்கு நம்பக்கூடாது. பகல் வெளிச்சத்தில் அதன் ஒளி தெரியாமல் போவதும், காலில் ரப்பர்ச் செருப்பும் உலர்ந்த தரையும் சேரும்போது மங்கிப் போவதும் சாதாரணம்.

மூடியைக் கழற்றியவுடனேயே கீசர்ப் பிரேக்கரின் கீழ் முனையில் செருகியிருந்த கம்பியின் உறை பழுப்பேறிச் சுருங்கியிருந்தது தெரிந்தது. அருகிலுள்ள பிரேக்கர்களில் அப்படி எதுவும் இல்லை. இதைக் கண்டவுடன் பிரேக்கரே பழுது என்று முடிவுகட்டிவிடலாம் என்று தோன்றும். ஆனால் கீசர் அதிக மின்னோட்டத்தை இழுத்திருந்தாலும் அதே முனை அதே விதமாகப் பழுப்பேறும். எனவே பெட்டியை அப்படியே விட்டு, முதலில் கீசரின் பக்கம் போனேன்.

கீசரின் அடிமூடியைத் திறந்து, எலிமென்ட்டின் இரண்டு முனைகளிலிருந்தும் கம்பிகளைக் கழற்றி அளந்தபோது தடை 26.8 ஓம். 230 வோல்ட்டில் 2000 வாட் தரும் எலிமென்ட்டுக்குக் கணக்குப்படி 26.45 ஓம் இருக்க வேண்டும். ஆகவே இது மிகச் சரியானது. எலிமென்ட்டின் ஒரு பகுதி உள்ளே ஒன்றோடொன்று தொட்டுக் குறுகியிருந்தால் இந்த எண் குறைந்திருக்கும், மின்னோட்டம் கூடியிருக்கும். அடுத்து, எலிமென்ட்டின் முனைகளுக்கும் உலோக உடலுக்கும் இடையே, மின்காப்பைச் சோதிக்கும் மெகர் கருவியால் 500 வோல்ட் நேரோட்ட அழுத்தம் கொடுத்துப் பார்த்ததில் 85 மெகா ஓம் வந்தது. பல்மானியின் ஒன்பது வோல்ட் மின்கலம் இந்தச் சோதனைக்குப் போதாது. எலிமென்ட்டின் வெளியுறையில் மயிரிழை வெடிப்பு இருந்து உள்ளிருக்கும் மக்னீசியம் ஒட்சைட்டுத் தூள் ஈரத்தை உறிஞ்சியிருந்தால், குறைந்த அழுத்தத்தில் நல்லதாகக் காட்டிவிட்டு 230 வோல்ட்டில் கசியும் எலிமென்ட்டுகள் உண்டு. நீர் குறித்த சூட்டை எட்டியதும் மின்சாரத்தை வெட்டும் தெர்மோஸ்டாட்டும் அதற்குத் துணையான அதிவெப்பக் கட்அவுட்டும் ஒழுங்காக இருந்தன. அவை பழுதானால் நீர் சூடாகாது, அல்லது அளவு மீறிச் சூடாகும், பிரேக்கரைத் தட்டுவதில்லை.

கீசரிலிருந்து டீபி பெட்டி வரையான கம்பியை இரு முனைகளிலும் கழற்றி மெகரால் சோதித்ததில் குறை எதுவும் இல்லை. குளியலறைக்கு வெளியே சிவப்பு விளக்குடன் இருக்கும் 20 அம்பியர் கீசர் சுவிச்சைத் திறந்தபோது, தொடுமுனைகள் நன்றாக இருந்தாலும், அதன் பொத்தான் இறுகி, அழுத்தினால் பாதியில் நிற்பதைக் கண்டேன். அது எப்போதும் போட்டபடியே இருக்கும் என்றும், கீசரை அணைப்பதும் போடுவதும் விறாந்தைப் பெட்டியிலுள்ள பிரேக்கரில்தான் என்றும் அக்கா சொன்னார். அந்தச் செய்தியின் முக்கியத்துவம் பின்னரே வெளிப்பட்டது.

எல்லாவற்றையும் திரும்பப் பொருத்திய பின், மின்சாரத்தைக் கொடுத்து கிளாம்ப் மீற்றரால் மின்னோட்டத்தை அளந்தேன். கிளாம்ப் மீற்றரின் தாடைக்குள் உயிர்க்கம்பி மட்டும் போக வேண்டும். உயிர்க்கம்பியையும் நொதுமலையும் சேர்த்துக் கவ்வினால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் சமமாக ஓடுவதால் சுழியத்தையே காட்டும். அளவு 8.4 அம்பியர், அந்நேரம் வீட்டு அழுத்தம் 226 வோல்ட். 226ஐ 26.8 ஆல் வகுத்தால் வருவதும் அதே 8.4 தான். நம் நாட்டில் அனுமதிக்கப்பட்ட அழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 6 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். உச்ச எல்லையான 244 வோல்ட்டில்கூட இந்தக் கீசர் 9.1 அம்பியருக்கு மேல் இழுக்காது. கீசரின் மீதிருந்த சந்தேகம் இத்துடன் முழுவதுமாக நீங்கியது. அந்த 8.4 அம்பியரிலேயே, பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பிரேக்கர் விழுந்தது.

உடனே மெயினை அணைத்து, பிரேக்கர்களின் முகப்பைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். கீசர்ப் பிரேக்கரில் கையை வைத்திருக்க முடியவில்லை. பக்கத்திலுள்ளவை அதன் சூட்டைப் பகிர்ந்து சற்று வெதுவெதுப்பாக இருந்தன, அவ்வளவுதான்.

இந்தப் பழுதில் நான் மிகவும் மதிக்கும் அளவீடு இனி வருவது: சுமை ஓடிக்கொண்டிருக்கும்போது பிரேக்கரின் மேல் முனைக்கும் கீழ் முனையில் செருகிய கம்பிக்கும் இடையே எவ்வளவு வோல்ட் விழுகிறது என்பது. மூடியிருக்கும் நல்ல தொடுமுனையின் தடை மிகச் சிறியது, சில ஆயிரத்திலொரு பங்கு ஓம். சாதாரணப் பல்மானியின் ஓம் அளவில் அதைப் பார்க்கவே முடியாது, ஏனெனில் மானியின் வயர்களுக்கே அதைவிடப் பன்மடங்கு தடை உண்டு. ஆனால் 8.4 அம்பியர் அதன் வழியே ஓடும்போது, அந்தச் சிறு தடை தன்னை வோல்ட்டாகக் காட்டிக்கொடுத்துவிடும். இது உயிருள்ள முனைகளில் செய்யும் வேலை. உயிர்க்கம்பிக்கும் நொதுமலுக்கும் இடையே கை பட்டால் ட்ரிப் சுவிச் காப்பாற்றாது, ஏனெனில் அதன் பார்வையில் அது சாதாரணச் சுமைதான். ரப்பர் கையுறை, உலர்ந்த மரப்பலகை, நுனி மட்டும் வெளித்தெரியும் உருகி பொருத்திய ஆய்வுமுனைகள் ஆகியவற்றோடு, மின்வேலை பயின்றவர் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். பயிற்சி இல்லாதவர் இதே முடிவுக்கு வருவதற்கு, உரிமம் பெற்ற பாஸ் ஒருவரை அழைத்து, மெயினை அணைத்துக் கீசரின் கம்பியைப் பெட்டியிலுள்ள இன்னொரு 16 அம்பியர் பிரேக்கருக்கு மாற்றி ஓடவிடச் சொல்லலாம்; அங்கே அது நின்றால் குற்றவாளி எது என்று தெரிந்துவிடும்.

முதலில் ஒப்பிடுவதற்காகச் சமையலறைச் சுற்றின் 16 அம்பியர் பிரேக்கரை, மின்கேத்தல் கொதிக்கும்போது அளந்தேன்: ஏறத்தாழ அதே மின்னோட்டத்தில் 0.08 வோல்ட். கீசர்ப் பிரேக்கரில் அது 0.9 வோல்ட்டாக இருந்தது. 230 வோல்ட்டில் 0.9 வோல்ட் குறைவதைக் கீசர் உணராது, நீர் சூடாவதில் எந்த வேறுபாடும் தெரியாது. ஆனால் 0.9 வோல்ட்டை 8.4 அம்பியரால் பெருக்கினால் ஏறத்தாழ 7.6 வாட் வெப்பம், 18 மில்லிமீற்றர் அகலமுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் இடைவிடாமல் பிறக்கிறது என்று பொருள். தரவிதி 16 அம்பியர் பிரேக்கரின் ஒரு துருவத்துக்கு அனுமதிப்பது முழு 16 அம்பியரில் 3.5 வாட். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கேற்ப மாறுவதால், 8.4 அம்பியரில் அது ஒரு வாட்டைத் தாண்டக்கூடாது. இங்கே எட்டு மடங்கு இருந்தது.

இரட்டை உலோகத் தகடு வெப்பத்தை மட்டுமே அறியும். அந்த வெப்பம் தன் வழியே பாயும் மின்னோட்டத்தால் வந்ததா, தன் பக்கத்திலுள்ள கெட்ட தொடுமுனையால் வந்ததா என்று பிரித்தறிய அதற்கு வழியில்லை. சமையலறையில் அடுப்பின் சூடு பக்கத்திலுள்ள கிண்ணத்து நெய்யை உருக்குவதுபோல, கெட்ட தொடுமுனையின் சூடு தகட்டை அடைந்து வளைத்துவிடுகிறது. 20 நிமிடம் என்பது அந்த 7.6 வாட் பிரேக்கரின் உடலை நிறைத்துத் தகட்டை விடுவிக்கும் நிலைக்குக் கொண்டுவர எடுத்த நேரம். 30 லீற்றர் நீரை 27 பாகையிலிருந்து 60 பாகைக்குக் கொண்டுபோக இந்தக் கீசருக்கு 36 நிமிடம் வேண்டும். 20 நிமிடத்தில் நீர் 45 பாகைக்குத்தான் வந்திருக்கும், தெர்மோஸ்டாட் வெட்டுவதற்கு முன்பே பிரேக்கர் வெட்டிவிடும். வீட்டில் நீர் அரைகுறையாகவே சூடேறியதற்கான விளக்கமும் இதிலேயே இருந்தது.

அந்த 0.9 வோல்ட்டை இன்னும் பிரித்துப் பார்த்தேன். ஆய்வுமுனை ஒன்றைக் கம்பியின் செம்பிலும் மற்றதைக் கீழ் முனையின் திருகாணியிலும் வைத்தபோது 0.3 வோல்ட், கீழ்த் திருகாணிக்கும் மேல்த் திருகாணிக்கும் இடையே 0.6 வோல்ட். அதாவது மூன்றில் ஒரு பங்கு வெப்பம் கம்பி செருகிய இடத்திலும், மூன்றில் இரண்டு பங்கு பிரேக்கரின் உள்ளேயும் பிறந்தது. முழுவதும் வெளியிணைப்பில் இருந்திருந்தால், கம்பியை வெட்டிச் சுத்தம் செய்து இறுக்கியே பழைய பிரேக்கரைக் காப்பாற்றியிருக்கலாம். உள்ளேயும் இருந்ததால் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. பிரேக்கர் அறையாணி அடித்து மூடப்படும் பொருள். அதைத் திறந்து, உரசி, மறுபடி மூடிப் பயன்படுத்தக் கூடாது. திறந்த பிறகு அதன் அளவொழுங்கு போய்விடும்.

கழற்றிய பழைய பிரேக்கரின் அறையாணிகளைத் துளைத்துத் திறந்து பார்த்தேன். நகரும் தொடுமுனையின் வெள்ளிப்பூச்சு கருகி, மேடும் பள்ளமுமாகி, தொடும் பரப்பு ஒரு சிறு புள்ளியாகச் சுருங்கியிருந்தது. கீழ் முனையின் கவ்வியில் பச்சைப் பொருக்கு, திருகாணியில் துரு. பச்சைப் பொருக்கு கடற்காற்றின் வேலை. வாடைக்காற்று கடலிலிருந்து கொண்டுவரும் உப்புத்துகள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தன்னைக் கரைத்துக்கொள்ளும் இயல்புடையது. செம்பின் மேல் அது படிந்த இடத்தில் குளோரைட்டுப் பொருக்கு வளர்கிறது, அந்தப் பொருக்கு மின்சாரத்தைச் சரிவரக் கடத்தாது. டீபி பெட்டியின் முகப்பில் பயன்படுத்தாத இரண்டு பிரேக்கர் இடங்கள் மூடியின்றித் திறந்திருந்ததால், உப்போடு எறும்பும் பல்லி எச்சமும் உள்ளே சேர்ந்திருந்தன. நிலாவெளி வீதியை ஒட்டிய கடற்பக்க வீடுகளில் இதே கோலத்தைப் பல பெட்டிகளில் கண்டிருக்கிறேன்.

தொடுமுனை கருகியதற்கு உப்பு மட்டும் காரணமல்ல. பிரேக்கரைக் கீசரின் சுவிச்சாகப் பயன்படுத்தியதும் சேர்ந்தே அதைத் தின்றிருக்கிறது. சுமை ஓடும்போது தொடுமுனையைப் பிரிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு சிறு வில்தீப்பொறி எழுந்து வெள்ளியை அரிக்கிறது. வீட்டுப் பிரேக்கர் முழுச் சுமையில் 4000 தடவை போட்டு அணைக்கப்படுவதைத் தாங்க வேண்டும் என்பது தரவிதி. காலையும் மாலையும் ஒவ்வொரு தடவை என்றால் ஐந்தரை ஆண்டுகளில் அந்த எண் நிறைந்துவிடும். இங்கே சுமை பாதிதான், ஆனால் உப்பு கூடுதல்.

புதிய பிரேக்கரைத் திருகோணமலை நகரில் வாங்கினேன்: 16 அம்பியர், சி வகை, முகப்பில் 6000 என்று கட்டத்துக்குள் அச்சிட்டது. அந்த 6000, எத்தனை அம்பியர் குறுஞ்சுற்று மின்னோட்டத்தைப் பாதுகாப்பாக வெட்ட முடியும் என்பதைக் குறிக்கிறது. கீசர் வெறும் தடைச்சுமை, தொடங்கும்போது மின்னோட்டம் பாய்ந்து எழாது. எனவே பி வகையும் பொருத்தமே, கடையில் இருந்தது சி. விலை குறைவென்று அச்சு மங்கிய, தரவிதி எண் இல்லாத பொருளை இந்த இடத்துக்கு வாங்கக்கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

கம்பியின் பழுப்பேறிய நுனியைச் செம்பு பளிச்சென்று தெரியும்வரை வெட்டினேன். பெட்டிக்குள் மிச்சக் கம்பி விட்டிருந்ததால் நீளம் போதியதாக இருந்தது. 12 மில்லிமீற்றர் உறை நீக்கி, ஏழு இழைகளையும் ஒன்றுகூட வெளியே போகாமல் செப்பு முனையுறைக்குள் செலுத்தி நசுக்கிப் பொருத்தினேன். இழைகளை ஈயம் பூசி இறுக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு, அது தவறு. திருகாணியின் அழுத்தத்தில் ஈயம் மெல்ல மெல்ல நெளிந்து ஒதுங்கும், சில மாதங்களில் பிடி தளரும், மறுபடி இதே வெப்பம் பிறக்கும். திருகாணியைக் கைப்பலத்தால் அல்லாமல், பிரேக்கரின் பக்கத்தில் குறித்திருந்த 2 நியூட்டன் மீற்றர் அளவுக்கு முறுக்குத் திருப்புளியால் இறுக்கினேன். மேல் முனைகளை இணைக்கும் பஸ்பாரின் பல்லும் கருத்திருந்தது. அதை உரசி விடுவதா மாற்றுவதா என்று யோசித்து, பஸ்பாரையே மாற்றினேன். கீசர்ப் பிரேக்கரை வரிசையின் ஓரத்துக்கு நகர்த்தி, சமையலறைப் பிரேக்கருக்கும் அதற்கும் நடுவே ஓர் இடம் வெறுமையாக விட்டேன். நீண்ட நேரம் சுமை தாங்கும் இரண்டும் ஒன்றையொன்று சூடாக்காமலிருக்க இது உதவும். வெறுமையான இடங்கள் எல்லாவற்றுக்கும் மூடி போட்டேன்.

மின்சாரம் கொடுத்து, கீசரை முழுச் சூடு வரும்வரை ஓடவிட்டு அளந்தபோது, கம்பியின் செம்பிலிருந்து மேல் முனைவரை மொத்தம் 0.06 வோல்ட், அதாவது ஏறத்தாழ அரை வாட். பிரேக்கரின் முகப்பு வெதுவெதுப்பாகக்கூட இல்லை. தெர்மோஸ்டாட் தானாக வெட்டும்வரை அது நின்றது.

ட்ரிப் சுவிச்சையும் மண்கம்பியையும் சோதிக்காமல் நீரோடு சம்பந்தப்பட்ட ஒரு சுற்றை முடித்துக் கொடுக்க எனக்கு மனம் ஒப்புவதில்லை. நம் வீடுகளின் உலோக உடல்கள் யாவும் வீட்டுக்குச் சொந்தமான மண்கம்பி வழியாகவே நிலத்தோடு சேர்கின்றன. உப்புவெளியின் மணல் நிலத்தில், மழைக்காலத்தில் அளந்தும், அந்த மண்கம்பியின் தடை 48 ஓம் இருந்தது. வரட்சியில் இன்னும் கூடும். கீசரின் உயிர்க்கம்பி அதன் உலோக உடலை நேராகத் தொட்டுவிட்டால், 230ஐ 48 ஆல் வகுக்க, 5 அம்பியருக்கும் குறைவான மின்னோட்டமே மண்ணுக்குப் போகும். 16 அம்பியர் பிரேக்கர் அதற்கு ஒருபோதும் விழாது. கீசரின் உடலும் குழாயும் உயிருடனேயே நிற்கும். அந்த நிலையில் குளிப்பவரைக் காப்பது 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் ஒன்றே. மழைநாளில் அடிக்கடி விழுகிறது என்று சொல்லி அதைத் தாண்டிக் கம்பி கொடுத்துவிட்ட வீடுகள் இருக்கின்றன; அங்கே கீசர் போடுவதற்கு முன் அதைச் சரிசெய்ய வேண்டும், இதில் சமரசத்துக்கு இடமில்லை.

ட்ரிப் சுவிச்சின் முகப்பிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினேன், விழுந்தது. அந்தப் பொத்தான் சுவிச்சின் பொறிமுறையை மட்டுமே சோதிக்கிறது. உள்ளேயுள்ள ஒரு தடை வழியே செயற்கையாக வேறுபாட்டை உண்டாக்குவதால், மண்கம்பி அறுந்திருந்தாலும் அது விழும். ஆகவே சோதனைக் கருவியைக் கீசர்ச் சுற்றில் இணைத்து மின்னோட்டத்தை மெல்ல ஏற்றிப் பார்த்தேன்: 22 மில்லி அம்பியரில் விழுந்தது. 30 மில்லி அம்பியரைச் செலுத்தியபோது எடுத்த நேரம், தரவிதி அனுமதிக்கும் 300 மில்லி செக்கனில் பத்தில் ஒரு பங்கையும் எட்டவில்லை. கீசரின் உடலிலிருந்து டீபி பெட்டியில் மண்கம்பிகள் சேரும் எர்த் பட்டை வரை தொடர்ச்சியும் இருந்தது. அந்தப் பொத்தானை மாதம் ஒரு தடவை அழுத்திப் பார்க்கும்படி அத்தானிடம் கேட்டிருக்கிறேன். நீண்ட காலம் அசையாமல் நிற்கும் பொறிமுறை உப்புக்காற்றில் இறுகிவிடும்.

இறுகிப் போயிருந்த கீசர் சுவிச்சைக் கழற்றிப் புதியதைப் பொருத்தியாயிற்று. இப்போது அம்மாவே குளியலறை வாசலில் நின்று போட்டு அணைக்கிறார், விறாந்தைப் பெட்டிக்கு எவரும் போவதில்லை. மிச்சமிருப்பது ஒரு வேலை. டீபி பெட்டியைக் கடற்பக்கச் சுவரிலிருந்து உள்ளறைச் சுவருக்கு மாற்ற வேண்டும். அதற்கு மீற்றரிலிருந்து வரும் பிரதான கம்பியைத் தொட வேண்டியிருப்பதால், உரிமம் பெற்றவர் ஒருவர் மின்சார சபைக்கு அறிவித்தே அதைச் செய்ய முடியும். அந்த வேலை நடக்கும்வரை, பெட்டியின் மூடியைச் சுற்றி ரப்பர் நாடா ஒட்டி, அடுத்த வாடைக்கு முன்னரும் பின்னரும் ஒவ்வொரு திருகாணியின் இறுக்கத்தையும் மெயினை அணைத்துச் சோதிப்பதாக ஏற்பாடு.